ரீலுக்கு எந்த எண்ணெய்?

டில்லியின் குளிரும் வெயிலும் தூண்டில்காரர்களைச் சோதிக்கின்றன. தவறான கிரீஸால் நஷ்டம் அவர்களுக்கு மட்டுமல்ல, மீனுக்கும்தான்.

டிசம்பர் பிறந்துவிட்டால் ஆர்.கே.புரத்துத் தமிழர் வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெயிலில் காயத் தொடங்கிவிடும். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்த எண்ணெய் உறையும். டில்லியிலோ சில இரவுகளில் குளிர் 5 டிகிரிக்கும் கீழே போகும். தலைக்குத் தடவும் எண்ணெயை உருக்கிக்கொள்ளலாம். அதையே தூண்டில் ரீலுக்குள் விட்டிருந்தால், உள்ளே மெழுகாகப் படிந்து கைப்பிடியைச் சுற்றவிடாது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவை குளிரைத் தாங்கினாலும் நாள்பட்டால் பிசினாக ஒட்டிக்கொள்ளும். சமையலறை அலமாரியில் ரீலுக்கு மருந்து கிடையாது.

தலைநகரின் தூண்டில் பிரியர்களை இழுப்பது இமயமலை அடிவாரம். நயார் ஆறு கங்கையில் கலக்கும் வியாஸ்காட் போன்ற இடங்கள் மஹசீருக்குப் பெயர் போனவை. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மீன், முள்ளில் சிக்கியதும் ஒரே பாய்ச்சலில் பல மீட்டர் நரம்பை உருவிக்கொண்டு ஓடும். அந்த நேரத்தில் நரம்பு அறாமல் காப்பது ரீலுக்குள் இருக்கும் 'டிராக்' என்ற பிரேக். அளவாகப் பிடித்து அளவாக விடுவதுதான் அதன் வேலை.

எனவே ஒரே டப்பாவிலிருந்து எல்லாப் பாகங்களுக்கும் பூசுவது சரிப்படாது. பாரத்தைச் சுமக்கும் பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் தேவை. கிரீஸ் என்பது, பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதுபோல, ஒருவகை சோப்பு எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதுதான். அதன் கெட்டித்தன்மையை என்.எல்.ஜி.ஐ. எண்ணால் குறிப்பிடுகிறார்கள். 000 கூழ்போல ஓடும், 6 கட்டியாக நிற்கும். கார் சக்கர பேரிங்குக்குப் பொதுவாகப் போடுவது 2. சிறிய ரீலுக்கு அது கனம். 0 அல்லது 1 போதும். குளிரில் கெட்டி கிரீஸ் இன்னும் இறுகும் என்பதை மலையேறுகிறவர்கள் மறக்கக் கூடாது.

வேகமாகச் சுழலும் பேரிங்குகளுக்கும் நரம்பு உருளும் சிறு உருளைக்கும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். ரீலுக்கென்றே விற்கும் எண்ணெய் கிடைக்காவிட்டால், நன்னீரில் பயன்படும் ரீலுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஓரளவு கைகொடுக்கும். கடலுக்கு அது போதாது. உப்பு சீக்கிரம் அரித்துவிடும் என்பதால், அரிப்பைத் தடுக்கும் எண்ணெயும் அடிக்கடி பராமரிப்பும் தேவை.

கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஒருவழி பேரிங்கில் கிரீஸ் படவே கூடாது. சைக்கிள் ஃப்ரீவீலில் கெட்டி கிரீஸை அடைத்தால் பெடல் பிடிக்காமல் சுற்றுவதுபோல, இதுவும் வழுக்கும்.

டிராக் வட்டுகள் தனி ஜாதி. கார்பன் வட்டுகளுக்கு, டிராக்குக்கென்றே தயாரான டெஃப்லான் கலந்த கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுவார்கள். கம்பளி வட்டுகள் காய்ந்துபோனால் விட்டுவிட்டுப் பிடிக்கும். சில ரீல்களில் டிராக் உலர்ந்தே இருக்க வேண்டும். ரீலோடு வந்த கையேட்டைப் பார்த்துவிட்டுக் கை வைப்பதே நல்லது.

எல்லா வீட்டிலும் இருக்கும் டபிள்யூ.டி.-40 பற்றியும் ஒரு வார்த்தை. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவான அந்தத் திரவம், பெயருக்கேற்ப ஈரத்தை விரட்டவும் துருவைத் தடுக்கவும் பிறந்தது. பழைய அழுக்கைக் கழற்ற உதவும். ஆனால் ரீலுக்குள் பீய்ச்சினால் இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினால்தான் பிழைக்கலாம்.

கோடையிலும் கவனம் வேண்டும். 45 டிகிரி வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடி அறையில் ரீல் கிடந்தால், கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து வடியும். நிழலான இடத்தில், டிராக்கைத் தளர்த்தி வைப்பதே முறை.

இத்தனை மெனக்கெடல் ஒரு பொழுதுபோக்குக்காகவா என்று கேட்கலாம். 1946இல் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் 120 பவுண்டு மஹசீரைப் பிடித்தார். இன்று காவிரிப் படுகையின் திமில் மஹசீர் அழிவின் விளிம்பில் இருக்கிறது. இமயத்துப் பொன் மஹசீரும் ஆபத்தில் இருக்கும் இனம். இதனால்தான் அனுமதி உள்ள இடங்களிலும் பிடித்த மஹசீரைத் திரும்ப ஆற்றில் விடுவது மரபாகிவிட்டது.

திரும்ப விட்டால் மட்டும் மீன் பிழைத்துவிடாது. டிராக் இறுகிக்கொண்டால் நரம்பு அறும். வாயில் முள்ளும் பின்னால் நீளும் நைலானுமாக மீன் தப்பியோடும். டிராக் வழுக்கினால் போராட்டம் நீளும். களைத்துப்போன மீன் விட்ட பிறகும் செத்துப்போகலாம். சரியான இடத்தில் சரியான ஒரு சொட்டு எண்ணெய்க்கு ஆகும் செலவு சில ரூபாய்தான். அதில் அலட்சியம் காட்டினால், விலை கொடுப்பது ஆற்றில் இருக்கும் உயிர்.