நாலு கம்பியும் மூன்றாம் பின்னும்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் திருவள்ளூரைக் கடந்ததும் வரும் திருப்பாச்சூர், மூங்கிலைக் குறிக்கும் ‘பாசு’ என்ற சொல்லிலிருந்து பெயர் பெற்று, அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீஸ்வரர் கோயிலால் அறியப்படும் ஊர் என்றாலும், ஆடி பிறந்துவிட்டால் அந்த வட்டாரத்தின் இரவுகளை நிறைப்பவை தேவாரப் பண்கள் மட்டும் அல்ல. கூழ் வார்த்து முடிந்த அம்மன் கோயில் திடல்களில் மெல்லிசைக் குழுக்கள் மேடை ஏறுகின்றன. ஞாயிறு காலைகளில் தேவாலயப் பாடகர் குழுக்கள் அதே வகைக் கருவிகளை எடுக்கின்றன. காக்களூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை நீளும் தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் முடித்து வரும் இளைஞர்களில் சிலர், சேர்த்து வைத்த பணத்தில் முதல் பேஸ் கிட்டாரை வாங்கும் ஆசையோடு இருக்கிறார்கள். எந்தக் கிட்டாரை வாங்குவது என்ற அவர்களுடைய கேள்விக்கு விடை எளிது. வாங்கிய கிட்டாரை எதில் செருகுகிறார்கள் என்பதே பெரிய கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் பேஸ் கிட்டாரின் 34 அங்குலக் கம்பி நீளமும், ஈ, ஏ, டி, ஜி என்ற நான்கு கம்பி அமைப்பும் இன்று வரை பொது அளவாக நீடிக்கின்றன. இந்த நீளத்தில் தடித்த ஈ கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. வாங்குபவர் முன் பொதுவாக இருப்பவை இரண்டு வழிகள். கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் காந்தச் சுருளான ‘பிக்கப்’ இரண்டு பாதிகளாகப் பிரிந்து அமைந்த 1957ஆம் ஆண்டு வடிவம் ஒன்று. தனித்தனியாக இரண்டு பிக்கப்புகள் கொண்ட 1960ஆம் ஆண்டு வடிவம் மற்றொன்று. முன்னது எதிரெதிராகச் சுற்றப்பட்ட இரு பாதிகளால் இரைச்சலைத் தானே அடித்துவிடும். பின்னதில் இரண்டு பிக்கப்புகளையும் சம அளவில் திறந்து வைத்தால் மட்டுமே அது நடக்கும், ஒன்றைக் குறைத்தால் ‘ம்ம்’ என்ற இரைச்சல் தலைகாட்டும். மேடையில் டியூப் லைட்டும் சீரியல் செட்டும் சூழ வாசிக்க வேண்டியவருக்கு முன்னதே உகந்தது என்பதைத் தாண்டி இந்த விவாதத்தில் நேரத்தைச் செலவிடத் தேவையில்லை.

மரத்தின் பராமரிப்பு சற்றுக் கூடுதலான கவனத்தைக் கேட்கிறது. நான்கு கம்பிகளும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தை ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்க, அந்த இழுப்பை எதிர்த்து நிற்பதற்காகக் கழுத்துக்குள் ‘டிரஸ் ராட்’ எனப்படும் இரும்புத் தண்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. கத்திரி வெயிலில் உலர்ந்த மரம் ஐப்பசி மழையில் ஈரம் ஏறி அசையும்போது, வீணையின் மெட்டுகளை ஒத்த ‘ஃப்ரெட்’களில் கம்பி மோதிச் சலசலக்கும், தண்டின் முனையைக் கால் திருகு திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, தேவையானால் மீண்டும் கால் திருகு திருப்புவதே இதற்கு வைத்தியம். தொழிற்பேட்டையில் வேலை செய்பவர் கையில் எல்-கீ செட் இருப்பது இதற்கு வசதிதான் என்றாலும் ஒரு பொறி உண்டு. அங்குல அளவில் செய்யப்பட்ட சில கருவிகளின் துளை 1/8 அங்குலம், அதாவது 3.175 மில்லிமீட்டர், அதில் 3 மில்லிமீட்டர் சாவியை இட்டால் முதலில் பொருந்துவதுபோலத் தோன்றி, அழுத்தித் திருகியதும் அறுகோணத்தின் முனைகளை மழுக்கி வட்டமாக்கிவிடும், அதற்குப் பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது.

கம்பிகளைப் பற்றி அச்சம் வேண்டியதில்லை. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைப்பதிவுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தாலன்றி மாற்றாதவர் என்று அறியப்பட்டவர். அவர் பயன்படுத்தியவை வழுவழுப்பான பட்டைச் சுற்றுக் கம்பிகள். உருட்டுச் சுற்றுக் கம்பிகளின் இடுக்குகளில் வியர்வையும் தூசும் அடைந்து ஓசை மங்கினால், கழற்றிப் பத்து நிமிடம் வெந்நீரில் கொதிக்கவைத்து, நன்றாகத் துடைத்து உலர்த்தி மாட்டும் சிக்கன வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. சில வாரங்களுக்கு அது பலன் தரும். பழவேற்காட்டுப் பக்கமிருந்து உப்புக் காற்று வரும் கும்மிடிப்பூண்டியில் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைக்கும் பழக்கம் கொதிநீரைவிட மேலானது.

கிட்டாரின் கதை இவ்வளவுதான். அது மெதுவாக மூப்படையும் பொருள், மூப்படைந்தாலும் யாரையும் கொல்லாது. ஆம்ப்ளிஃபையர் அப்படி அன்று.

பழைய ஆம்ப்ளிஃபையரில் முதலில் சாகும் உறுப்பு ‘எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்’. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும்போது எஞ்சும் அலைவைத் தன்னுள் தேக்கிச் சமப்படுத்தும் இந்த உருளையின் உள்ளே ஒரு திரவம் இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலாரின் பொது விதி. தகரக் கொட்டகையிலும் மூடிய வேனிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த பெட்டியில் திரவம் உலர்ந்தபின், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஸ்பீக்கரில் ஏறுகிறது. அது 98 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஜி சுரத்தின் அருகிலேயே, அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றமாக, சுருதி சேராமல் நின்று தொல்லை தரும் என்பது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் தனிக் கொடுமை.

இரைச்சலுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஒற்றைப் பிக்கப் காற்றிலுள்ள மின்காந்த அலையைப் பிடிப்பது ஒன்று. ஆம்ப்ளிஃபையரும் மிக்ஸரும் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகி, இரண்டுக்கும் இடையே ஒலிக் கேபிள் வழியாக ஒரு சுற்று உருவாகும் ‘கிரவுண்ட் லூப்’ மற்றொன்று. மூன்றையும் பிரித்தறிவது கடினமில்லை. வாசிப்பவர் நின்ற இடத்தில் திரும்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால் குற்றம் பிக்கப்பில். கிட்டார் கேபிளையும் மற்ற எல்லா இணைப்புகளையும் கழற்றிய பிறகும் தனியாக நின்று இரைந்தால் கப்பாசிட்டரில். மிக்ஸரை இணைத்ததும் மட்டும் தொடங்கினால் லூப்பில். ஆயினும் மேடையில் மூன்றுக்கும் ஒரே மருந்துதான் தரப்படுகிறது: “எர்த்தைக் கழட்டிடு.” கழற்றினால் லூப் இரைச்சல் நின்றுவிடுவதால் அந்த மருந்துக்கு நற்பெயரும் கிடைத்துவிட்டது.

மூன்று பின் பிளக்கில் மற்ற இரண்டையும் விட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும் அந்த மூன்றாவது பின் ஏன் அப்படி இருக்கிறது என்பதைச் சிந்திப்பவர் குறைவு: செருகும்போது முதலில் தொட வேண்டியதும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டியதும் அதுவே. பேஸ் கிட்டாரின் கம்பிகள், அவை தங்கியிருக்கும் உலோகப் பாலத்திலிருந்து ஒரு மெல்லிய வயர் வழியாகக் கேபிளின் வெளிச் சுற்றோடும், அதன் மூலம் ஆம்ப்ளிஃபையரின் இரும்புக் கூட்டோடும் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே கம்பியைத் தொடும் கை, அந்தக் கூட்டையே தொடுகிறது. உள்ளே நைந்த வயர் ஒன்று கூட்டைத் தொட்டால், மூன்றாவது பின் இருக்கும் வரை மின்சாரம் பூமிக்கு ஓடி ஃபியூஸைப் பறிக்கும். பின் வெட்டப்பட்டிருந்தால் 230 வோல்ட்டும் கம்பியில் காத்திருக்கும், எர்த் ஆன மைக்கில் உதடு படும்வரை. வியர்த்த உடலின் மின்தடையை 1,000 ஓம் என்று வைத்துக் கணக்கிட்டால் பாய்வது 230 மில்லி ஆம்பியர். உயிர் காக்கும் சாதனமான ‘ஆர்.சி.சி.பி.’ 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் 1972 மே 3 அன்று, ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டு இறந்தது இத்தகைய எர்த் கோளாறால்தான்.

பழைய ஆம்ப்ளிஃபையரின் ஓசையில் ஒரு கனிவு இருக்கிறது, இத்தனை ஆண்டுகளில் ஒன்றும் ஆகவில்லை என்று மூத்த கலைஞர்கள் சொல்வதுண்டு; அதில் கனிவைப் பற்றிய பாதி மட்டுமே உண்மை.

திருவள்ளூர் வட்டாரத்தின் ஆடி இரவுகள் இந்த ஆபத்தைப் பன்மடங்காக்குகின்றன. பகலெல்லாம் காய்ந்து மாலையில் இடியோடு பொழியும் மழை, நனைந்த இரும்புக் குழாய் மேடை, மின்கம்பத்திலிருந்து இரண்டே வயரில் இழுக்கப்பட்ட தற்காலிக இணைப்பு அல்லது லாரி மேல் நிற்கும் ஜெனரேட்டர் என எல்லாம் ஒன்றுகூடுகின்றன. ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்தோடு இணைத்து, ஈர மண்ணில் கம்பி அடித்து இறக்காவிட்டால் ஆர்.சி.சி.பி. வைத்தும் பயனில்லை என்பதைப் பந்தல் போடுபவரும் மைக்செட்காரரும் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுவதே வழக்கமாக இருக்கிறது.

லூப் இரைச்சலுக்கு முறையான மருந்து ‘டி.ஐ. பெட்டி’ என்னும் சிறு இடைக்கருவி. அதிலுள்ள பொத்தான் ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும், மின்சாரத்தின் எர்த்தைத் தொடாது. கப்பாசிட்டருக்கு மருந்து மாற்றுக் கப்பாசிட்டர். இரண்டுக்கும் ஆகும் செலவு, இளைஞர்கள் இரவெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு கிட்டார்களின் விலை வித்தியாசத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மேடை ஏறுமுன் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலைத் தலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 100 வோல்ட்டை ஒட்டிக் காட்டி, தொட்டால் சுருக்கென்று மட்டும் குத்தினால், அது பெரும்பாலும் எர்த் இல்லாத புதுவகைப் பவர் சப்ளையின் சிறு கசிவு. கொல்லாது, ஆனால் எர்த் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. 230ஐ நெருங்கினால் மெயினை அணைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். மீட்டரின் எண் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்வரை பாடகர் மைக்கின் அருகே போக வேண்டியதில்லை, விழாக் குழுவினர் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு “ஆரம்பிங்க சார், ஜனம் எழுந்து போகுது” என்று எத்தனை முறை அவசரப்படுத்தினாலும்.