பரண்மேல் பேஸ் டிரம்பெட் இருக்கா? எடைக்குப் போடும் முன் ஒருமுறை ஊதிப் பாருங்க!

மாசி, பங்குனி வந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் பேண்டு செட்டுக்காரர்கள் பிஸி. திருவப்பூர், நார்த்தாமலை, கொன்னையூர் என மாரியம்மன் கோயில்களில் பூச்சொரிதலும் தேரும் வரிசைகட்டும். இப்படித் தலைமுறையாக ஊதிய குடும்பங்களின் பரண்களில் தாத்தா காலத்துப் பித்தளை வாத்தியங்கள் கறுத்துப்போய்க் கிடப்பதுண்டு. பழைய இரும்புக் கடைத் தராசில் அவற்றுக்குக் கிலோ கணக்குதான்.

அந்தக் குவியலில் டிரம்பெட்டுக்கு அண்ணன் மாதிரி, சுற்று பெரிதாக, மூன்று நான்கு வால்வுகளோடு ஒன்று இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அது பேஸ் டிரம்பெட்டாக இருக்கலாம். அபூர்வமான சரக்கு. நம்ம ஊர் பேண்டு செட்டில் அடிக்குரல் வேலையை யூஃபோனியமே பார்த்துவிடுவதால், இதைப் பார்த்தவர்களே குறைவு.

சாதாரண டிரம்பெட்டின் குழாயை நீட்டிப் பிடித்தால் சுமார் 1.4 மீட்டர். பேஸ் டிரம்பெட்டில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு, சுமார் 2.7 மீட்டர். குழாய் இரட்டிப்பானால் ஒலி ஒரு ஸ்தாயி இறங்கும். திமிரி நாகஸ்வரத்துக்கும், ராஜரத்தினம் பிள்ளை புகழ்பெறச் செய்த பாரி நாகஸ்வரத்துக்கும் உள்ள உறவை நினைத்துக்கொள்ளுங்கள். திமிரியின் கூர்மை போய் ஒரு கனம் வரும். ஜெர்மனியின் வாக்னர் தன் 'ரிங்' இசை நாடகங்களில் இந்தக் குரலைப் பயன்படுத்தினார். நான்கு நாடகங்களும் 1876-ல் பைராய்ட் நகரில் முழுமையாக அரங்கேறின. பெயரில் டிரம்பெட் இருந்தாலும், ஆர்க்கெஸ்ட்ராக்களில் இதைப் பெரும்பாலும் ஊதுவது டிராம்போன்காரர்கள்தான். உதட்டுப் பிடி அதற்கு நெருக்கமானது.

சரி, பழைய வாத்தியம் உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் கண்ணில் படுவது ஒடுக்கு. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். விரிந்த வாய்ப்பகுதியில் விழுந்த ஒடுக்கு ஒலியை அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் மவுத்பீஸை ஒட்டிய குறுகலான குழாயில் சின்ன நசுங்கல் இருந்தாலும் சில ஸ்வரங்கள் தடுமாறும்.

அதைவிட முக்கியம் காற்றுக் கசிவு. வால்வை அழுத்தாமல், அதன் பக்கத்துக் குழாயை வெளியே இழுங்கள். 'பொப்' என்று ஒரு சத்தம் வந்தால் நல்ல சகுனம். வால்வு காற்றைப் பிடித்து நிறுத்துகிறது. சத்தமே இல்லாமல் வழுக்கி வந்தால் வால்வு தேய்ந்திருக்கக்கூடும். அப்படிப்பட்டதை எவ்வளவு பளபளப்பாகத் துலக்கினாலும், ஊதுகிறவருக்கு மூச்சுதான் வாங்கும்.

அடுத்து, குழாயின் மேல் இளஞ்சிவப்புப் புள்ளிகள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. எச்சிலும் ஈரமும் உள்ளேயே தங்கினால் துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மட்டும் நிற்கும். உள்ளே தொடங்கிய அரிப்பு வெளியே எட்டிப்பார்ப்பதுதான் அந்தப் புள்ளி. அந்தக் குழாயை மாற்ற வேண்டியிருக்கும்.

இங்கே நம் வீட்டு வழக்கம் ஒன்று வில்லனாகிறது. பித்தளை என்றதும் புளியைக் கரைக்கக் கை போகும். குத்துவிளக்குக்குச் சரி, வால்வுக்கு ஆகாது. புளியின் அமிலமும் சாம்பலின் துகளும் உள்ளே போனால், நூலிழை இடைவெளியில் ஓடும் பாகங்கள் கெடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பிறகு வால்வுக்கென்றே விற்கும் எண்ணெய் போதும். மவுத்பீஸ் இறுகியிருந்தால் சுத்தியலைத் தொடவே தொடாதீர்கள். அதைக் கழற்றத் தனிக் கருவி உண்டு. ஊதிப் பார்ப்பது கழுவிய பிறகுதான் என்று சொல்லவே தேவையில்லை.

எல்லாம் தேறியும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கலாம்: சுருதி. உடும்புத் தோலில் தண்ணீர் தடவி கஞ்சிராவின் சுருதியை இறக்குவதை, மான்பூண்டியா பிள்ளையும் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் வாழ்ந்த புதுக்கோட்டைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பித்தளை அப்படி வளைந்துகொடுக்காது. இன்று உலகமெங்கும் பொதுவான அளவு 440 அதிர்வுகள். ஆனால் பிரிட்டனில் ஒரு காலத்தில் பேண்டு வாத்தியங்களைச் சுமார் 452 அதிர்வுக்குச் செய்தார்கள். அங்குள்ள பித்தளை பேண்டுகளில் 1960-கள் வரைகூட இந்த 'ஹை பிட்ச்' நீடித்தது. அந்த வகை கையில் சிக்கினால் கீபோர்டை விட ஏறக்குறைய கால் கட்டை ஏறியே பேசும். ஊதுகிறவர்மேல் பழி போடக் கூடாது!

இறக்க வேண்டுமானால் மொத்தக் குழாயில் சுமார் 8 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். சுருதிக் குழாய் வளைவாக இருப்பதால் 4 சென்டிமீட்டர் வெளியே இழுத்தாலே அந்த 8 கிடைத்துவிடும். வால்வுக் குழாய்களையும் அதற்கேற்பக் கொஞ்சம் இழுக்க வேண்டும். அந்த அளவுக்கு இழுக்க இடமில்லையென்றால், பித்தளை வேலை தெரிந்தவரிடம் நீளமான குழாய் செய்து பொருத்தலாம். அதுவரை கிளாரினெட்டோடும் கீபோர்டோடும் சேர்க்காதீர்கள். டிரம் செட் மட்டும் முன்னே போகும் ஊர்வலத்தில் தாராளமாக ஊதலாம்.