வாதத்தை வரைபடமாக்கல்

சொற்போரிற் பெரும்பாலும் உரத்த குரலே வெல்கின்றது. விடையிறுக்கப்படாத வினா ஆரவாரத்தில் மறைந்துபோகின்றது. இக்குறையை நீக்குதற்கு எழுந்ததே வாதங்களைப் படமாக வரையும் முறையாகும்.

அமெரிக்கச் சட்ட அறிஞர் விக்மோர் 1913இல் வழக்கின் சான்றுகளைக் குறியீடுகளாலும் கோடுகளாலும் இணைத்துக் காட்டினார். குன்ஸ், றிற்றல் என்னும் இருவர் 1970இல் விவாதத்தைப் பிரச்சினை, நிலைப்பாடு, நியாயம் எனப் பகுத்தனர். 2017இல் தொடங்கிய கியாலோ என்னும் இணையத்தளத்திற் பலர் ஒருங்கே இத்தகைய படத்தை ஆக்குகின்றனர்.

'பேருந்துப் பயணம் இலவசமாதல் வேண்டும்' என்பது மேலே நிற்குங் கூற்றாயின், 'நெரிசல் குறையும்' என்பது அதன்கீழ் ஒருபுறமும், 'வரிச்சுமை கூடும்' என்பது மறுபுறமும் அமையும். ஒவ்வொன்றும் மீண்டும் அவ்வாறே கிளைக்கும். ஒரே தடையைப் பதின்மர் கூறினும் படத்தில் அதற்கு ஓரிடமே போதும். மறுக்கப்படாத தடையோ வெற்றிடத்தோடு கண்முன் நிற்கும்.

ஆயினும், கிளைகளின் தொகை உண்மைக்கு அளவுகோலன்று. நலிந்த காரணங்கள் பலவற்றை வலிய காரணமொன்று வீழ்த்தும். அதனை நிறுத்துப் பார்த்தல் மாந்தர் கடனேயாம்.

சிவஞானசித்தியார் பரபக்கத்திற் பிறர்மதங் கூறி மறுத்த பின்னரே சுபக்கத்தில் தன்மதத்தை நிறுவுகின்றது. எதிர்வாதி ஒப்புமாறு அவன் கருத்தை எடுத்துரைக்க வல்லவனே அதனை மறுக்குந் தகுதியுடையான். படம் பயிற்றுவதும் அதுவே.