கையை ஊன்றிவிட்டால் என்ன செய்வது?

ஜியு-ஜிட்சு கற்றுத்தரும் புத்தகங்களுக்கும் காணொளிகளுக்கும் இன்று பஞ்சமில்லை. யூடியூபைத் திறந்தால் ஒரே பிடியை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் தருகிறார்கள். காசு கொடுத்து வாங்கும் தொகுப்புகளோ மணிக்கணக்கில் ஓடுகின்றன. புதிதாகச் சேர்ந்த ஒருவர் இவற்றில் எதை எடுப்பது? ஆசிரியரின் பெயர், அவர் கழுத்தில் தொங்கும் பதக்கம், அட்டையில் போட்டிருக்கும் நுட்பங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். இந்த மூன்றும் உதவாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வேறொன்று. சொல்லித் தரும் பிடிக்கு எதிராளி எப்படி முரண்டு பிடிப்பார், அப்போது என்ன செய்வது என்பதை அந்தப் புத்தகமோ காணொளியோ பேசுகிறதா? பேசவில்லை என்றால், உலக சாம்பியனே எடுத்ததாக இருந்தாலும் தொடக்கக்காரருக்கு அதனால் பெரிய பயனில்லை.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கலையின் அடிப்படையிலேயே இருக்கிறது. போட்டி ஜியு-ஜிட்சுவில் குத்தும் உதையும் கிடையாது. எதிராளியைத் தரைக்குக் கொண்டுவந்து, நகர விடாமல் அமுக்கி, மூட்டை மடக்கியோ கழுத்தின் இரு பக்கத்து இரத்தக் குழாய்களை அழுத்தியோ பணிய வைக்க வேண்டும். மாட்டிக்கொண்டவர் கையால் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். இந்தத் தட்டல் இருப்பதால்தான் ஒருவரை ஒருவர் முழு பலத்தோடு எதிர்த்தும் மறுநாள் பயிற்சிக்கு வர முடிகிறது. 1882இல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுட்சு பள்ளிகளின் நுட்பங்களை எடுத்துக்கொண்டு, ஆளை முடமாக்கக் கூடியவற்றைச் சண்டைப் பயிற்சியிலிருந்து விலக்கிவைத்து, எதிர்த்துப் பயில்வதையே பாடத்தின் நடுவில் வைத்தார். அந்த வழியில் வந்த மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பெலெம் நகரில் அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசியின் குடும்பம் வளர்த்ததுதான் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. எதிர்க்கிற உடம்பின்மேல் கட்டிய கலை இது. எதிர்ப்பை மறைத்துவிட்டுச் சொல்லித் தந்தால் மிஞ்சுவது கை கால் வைக்கும் இடம் மட்டும்தான்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். நீங்கள் மல்லாந்து கிடக்கிறீர்கள். எதிராளி உங்கள் வயிற்றின்மேல் இரு பக்கமும் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். மவுன்ட் என்பது இதுதான். தப்பிக்க முதலில் கற்றுத் தரப்படும் வழி இது: அவருடைய வலக் கையை உங்கள் மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உங்கள் இடப் பாதத்தால் அவருடைய வலப் பாதத்தை வெளியிலிருந்து அடைத்து, இடுப்பை உயரத் தூக்கி இடத் தோளின் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஊன்றக் கையும் இல்லை, காலும் இல்லை. ஆகவே அவர் உருள்வார். சாதாரணக் காணொளி இதோடு முடிந்துவிடும். அதில் எதிராளியாக வருபவர் கையை மரியாதையாகக் கொடுத்துவிட்டு, தள்ளியதும் விழுந்து கொடுக்கிறார். பயிற்சியில் யார் அப்படிச் செய்வார்கள்? இடுப்பு எழும்போதே கையை வெடுக்கென்று உருவி அகலமாகத் தரையில் ஊன்றிக்கொள்வார்கள். அங்கேயே புரட்டல் செத்துப்போகும். நல்ல காணொளி இந்த இடத்தில்தான் சூடு பிடிக்கிறது. அவர் கையை ஊன்றியதும் எடை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது, ஆகவே அவருடைய மற்றக் கால் இலேசாகிவிட்டது, இப்போது இடுப்பை நழுவி உங்கள் வலது முழங்காலை அந்த இடுக்கில் நுழைக்கலாம் என்று அது சொல்கிறது. முதல் காணொளியைப் பார்த்தவர் அந்த வழி பலிக்கவில்லை என்று முடிவு கட்டுவார். இரண்டாவதைப் பார்த்தவருக்கு ஒன்று தவறும்போது அடுத்தது திறக்கும்.

வெறுமனே பார்ப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குச் சோதனை ஆதாரமே இருக்கிறது. மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மேலிருக்கும் பாத்திரங்கள் அசையாமல் மேசை விரிப்பை உருவுவது, அம்பு எறிவது போன்ற வித்தைகளின் காணொளியைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்களுக்கு நம்பிக்கை ஏறியது. செய்யச் சொன்னபோது திறமை ஏறியிருக்கவில்லை. மேலே தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தைக்கான பொருள்களைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்ததுமே அந்த நம்பிக்கை இறங்கியது என்பதும் அதே ஆய்வில் வருகிறது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாலே நடனக்காரர்களுக்கும், பிரேசிலின் கபோய்ரா என்ற கலையை ஆடுபவர்களுக்கும் இரண்டு கலைகளின் காணொளிகளையும் காட்டி மூளையைப் படமெடுத்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், தாம் ஆடிப் பழகிய அசைவுகளைப் பார்க்கும்போதுதான் அசைவு தொடர்பான மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. கறுப்பு பெல்ட் வாங்கிய ஒருவர் 'இந்தத் தொகுப்பு பிரமாதம்' என்று சொல்வதைக் கொஞ்சம் தள்ளிவைத்துக் கேட்க வேண்டும் என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. அவர் கண் பிடித்துக்கொள்வதை நம் கண் பிடிக்காமல் போகலாம்.

கற்பிக்கும் நூல் எப்போது பயன்படும் என்பதற்குக் கானோவே சாட்சி. இளமையில் அவர் பயின்ற இடத்தில் ஃபுகுஷிமா என்ற பருத்த ஆளை அவரால் வீழ்த்த முடியவில்லை. சுமோ நுட்பங்களை முயன்று பார்த்தார், சரிவரவில்லை. பிறகு நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டி, ஆளைத் தோளில் தூக்கிச் சாய்க்கும் வீச்சு ஒன்றைக் கண்டெடுத்து, அதனால் ஃபுகுஷிமாவை வீழ்த்தினார். கதா-குருமா என்று, கானோ உருவாக்கிய ஜூடோவில் இன்றும் இருக்கும் வீச்சு அதுதான். கவனிக்க வேண்டியது, அவர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கற்கவில்லை. இந்த உடம்பை எப்படித் தூக்குவது என்ற ஒரே கேள்வியோடு போனார். இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1905இல் ஹான்காக், ஹிகாஷி என்ற இருவர் கானோவின் பெயரைத் தலைப்பிலேயே போட்டு அமெரிக்காவில் ஒரு தடித்த ஜியு-ஜிட்சு நூலை வெளியிட்டார்கள். உள்ளே இருந்தது கோடோகன் பாடம் அல்ல. அதே ஆண்டு நியூயார்க்கில் ஜார்ஜ் பாத்னர் என்ற மல்யுத்த வீரரிடம் ஹிகாஷி தோற்றார். அட்டையில் பெரிய பெயரைப் போட்டு விற்கும் தந்திரம் காணொளிக் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

ஒரு மறுப்பு உடனே வரும். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில் அதே கிரேசி குடும்பத்து ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றபின், ஆசிரியரே இல்லாத ஊர்களில் எத்தனையோ பேர் வீடியோ கேசட்டைப் பார்த்துத்தானே தொடங்கினார்கள், அவர்கள் தேறவில்லையா? தேறினார்கள். ஆனால் கேசட் மட்டும் அவர்களைத் தேற்றவில்லை. கார் ஷெட்டில் பாயை விரித்து நண்பரோடு மல்லுக்கட்டி, எது பலிக்கவில்லை என்று கண்டு, திரும்ப வந்து ஓட்டிப் பார்த்தார்கள். முரண்டு பிடிக்க ஒரு நண்பர் இருந்தார். கேசட் சொல்லாமல் விட்டதை அவர் சொல்லிக் கொடுத்தார்.

இன்னொரு மறுப்பு கனமானது: தொடக்கக்காரருக்கு எதிர்வினை, மாற்று எதிர்வினை என்று கொட்டினால் தலை சுற்றாதா? சுற்றும். அதனால் ஒரு பிடிக்கு மிகச் சாதாரணமாக வரும் ஓர் எதிர்ப்பும் அதற்கு ஒரு பதிலும் போதும் என்பேன். எதை முதலில் கற்பது என்ற வரிசையும் வேண்டும். அதில் புத்தகம் காணொளியை மிஞ்சுகிறது. சவுலோ ரிபெய்ரோவின் 'ஜியு-ஜிட்சு யூனிவர்சிட்டி' (2008) வெள்ளை பெல்ட்டுக்கு அடிபடாமல் தாக்குப்பிடிப்பதையும், நீலத்துக்குத் தப்பிப்பதையும், ஊதாவுக்குக் கீழிருந்து ஆடும் கார்டையும், பழுப்புக்கு அந்தக் கார்டைக் கடப்பதையும் வைத்துவிட்டு, பணிய வைக்கும் பிடிகளைக் கறுப்புக்கு ஒதுக்குகிறது. முதல் மாதமே பூட்டுப் போடத் துடிப்பவருக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் புதியவருக்குப் பயிற்சியில் உண்மையில் நடப்பது அமுங்கிக் கிடப்பதுதான். அந்த நிலையிலிருந்து தொடங்குகிறது என்பதே இந்த நூலின் பலம். புகைப்படத்தில் அசைவின் வேகமும் எடை மாறும் கணமும் வராது என்பது மெய்தான். அதற்குக் காணொளி இருக்கிறது. இரண்டிலுமே அழுத்தம் எவ்வளவு என்பது வராது. அதைக் கூடப் பயில்பவரின் உடம்பு காட்டிவிடும்.

வாங்கும் முன் சரிபார்க்க ஒரு வழி, கற்பிப்பவர் அந்தப் பிடியை எதிர்க்கும் ஆள்மேல் போட்ட பதிவு இருக்கிறதா என்று தேடுவது. நியூயார்க்கில் கற்பித்துவந்த மார்செலோ கார்சியா, பாடங்களோடு தம் அன்றாடப் பயிற்சிச் சண்டைகளையும் சந்தா இணையதளத்தில் வைத்தார். போட்டியாளர்கள் அதைப் பார்த்துத் தம் ஆட்டத்துக்கு விடை கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்ற கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பாடத்தில் காட்டியது பயிற்சியில் எங்கே தடுமாறியது என்றுகூட அதில் பார்க்க முடிந்தது. இலவசக் காணொளியா, விலை கொடுத்ததா என்ற சர்ச்சையைவிடப் பாடத்துக்கும் பயிற்சிக்கும் உள்ள இந்தப் பொருத்தம் முக்கியம்.

காலைப் பூட்டும் பிடிகளில் மட்டும் இந்த அளவுகோலை இன்னும் கடுமையாக வைக்க வேண்டும். குதிகாலைப் பிடித்து முறுக்கும் ஹீல் ஹுக்கில் சேதம் முழங்கால் தசைநார்களுக்கு. வலி உறைக்கும் முன்பே நார் கிழிந்துவிடலாம். ஆகவே தட்டலை நம்பி, காணொளியைப் பார்த்த கையோடு நண்பர்மேல் முயல்வது இங்கே செல்லாது. பயிற்சியாளர் ஜான் டானஹர் 2018இல் வெளியிட்ட கால்பூட்டுத் தொகுப்பு பேசப்பட்டதற்குக் காரணம், முறுக்குவதற்கு முன்னால் எதிராளியின் காலும் இடுப்பும் நழுவாமல் கட்டுப்படுத்துவதை அது முதலில் வைத்தது. அந்தக் கட்டுப்பாட்டை எந்தத் தீங்குமின்றி மாதக்கணக்கில் பழகலாம். முறுக்கை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மெதுவாகத் தொட்டால் போதும். காணொளி எந்த விதிமுறைக்காக, எந்த ஆண்டு எடுத்தது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் நடத்தும் போட்டிகளில் ஹீல் ஹுக்குக்கு 2021 முதல்தான் அனுமதி, அதுவும் கீ எனும் பயிற்சிச் சீருடை இல்லாத பிரிவில், வயது வந்த பழுப்பு, கறுப்பு பெல்ட்டுகளுக்கு மட்டும். வெள்ளை பெல்ட் கட்டியவர் அங்கே அதைப் போட்டால் ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்.