எபிசோடு 27: சம்பளம் குறைஞ்சா வாழ்க்கை கூடுமா? ஒரு தென்காசி கணக்கு

இந்த எபிசோடை நான் தென்காசியில, எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து பேசுறேன். வெளியே சாரல். மைக்ல சின்னதா ஒரு இரைச்சல் கேட்டா அது தகரக் கூரை, நெட்வொர்க் இல்ல.

போன மாசம் உங்கள்ல நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேற வேற மாதிரி அனுப்பியிருந்தீங்க. “ப்ரோ, சென்னையை விட்டுட்டு ஊருக்கே போயிரலாமா? சம்பளம் குறையும், ஆனா செலவும் குறையும்ல?” இதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல என்னால முடியாது. நானே இந்தக் கணக்கைப் போட்டு, ஒரு இடத்துல பெருசா தப்பு பண்ணினவன். அதனால இன்னைக்கு என் வீட்டுக் கணக்கையே திறந்து காட்டுறேன்.

முதல்ல ஊரைப் பத்தி கொஞ்சம். குற்றாலம் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. அது இருக்கிற தென்காசி, 2019 நவம்பர்ல திருநெல்வேலியிலிருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சு. மேற்கே மலை, மலையைத் தாண்டினா கேரளா. இங்க காலங்காலமா வருமானம்னா விவசாயம், பீடி சுத்துறது, பாவூர்சத்திரம், சுரண்டை மாதிரி இடங்கள்ல காய்கறிச் சந்தை, அப்புறம் குற்றால சீசன். இதுக்கு நடுவுல 2011-ல ஜோஹோ இங்க ஒரு சின்ன ஆபீஸ் திறந்தாங்க. பிறகு மத்தளம்பாறையில பெரிய வளாகமா அது வளர்ந்துச்சு. “ஐடி வேலைன்னா பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறித்தான் ஆகணும்”ங்கிற நினைப்பு இங்க உடைஞ்சது அப்போதான். நான் அந்தக் கம்பெனியில இல்ல, வேற ஒரு சின்ன கம்பெனி. ஆனா ஊருக்குத் திரும்பலாம்ங்கிற தைரியம் எனக்கும் அப்படித்தான் வந்துச்சு.

நான் போட்ட எக்செல்

சென்னையில கையில வந்த சம்பளம் 72,000. தென்காசி வேலைக்கு 55,000. மாசம் 17,000 குறையுது. இப்போ செலவு.

சென்னையில வீட்டு வாடகை, மெயின்டனன்ஸ் சேர்த்து 20,000. மளிகை, காய்கறி, பால் 11,000. பாப்பாவோட டே கேர் 8,000. ஹோட்டல், ஆப்ல ஆர்டர் பண்றது 7,000. அப்பா அம்மாவுக்கு அனுப்புறது 6,000. போக்குவரத்து 5,000. ஊருக்குப் போய் வர டிக்கெட் சராசரியா மாசம் 3,000. கரண்ட் 2,000, தண்ணி கேன் 1,000. மொத்தம் 63,000. மிச்சம் 9,000.

தென்காசியில ரெண்டு பெட்ரூம் வீடு 8,000. மளிகை 9,000. ஸ்கூல் 4,500. அப்பா அம்மா மருந்து மாத்திரை 4,000. வெளியே சாப்பிடுறது 3,500, அதுல பாதி பார்டர் பரோட்டாதான். ஆஸ்பத்திரிக்கும் மத்த வேலைக்கும் திருநெல்வேலி, மதுரைன்னு போய் வர 3,000. பெட்ரோல் 2,500. கரண்ட் 1,000. மொத்தம் 35,500. மிச்சம் 19,500.

பார்த்தீங்களா? சம்பளம் 17,000 குறைஞ்சும், மிச்சம் 10,500 கூடுது. நான் இதை பிரின்ட் எடுத்து வீட்ல காட்டினேன். பெருமையாத்தான் காட்டினேன்.

விட்டுப்போன ஒரு வரி

என் மனைவி சென்னையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அக்கவுன்டன்ட். சம்பளம் 28,000. என் எக்செல்ல அந்த வரியே கிடையாது.

நான் வேணும்னு மறைக்கல. “நீ அங்க போய் ஏதாவது பார்த்துக்கலாம்ல”ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, அவளோட சம்பளத்தை எக்ஸ்ட்ரா மாதிரி நினைச்சுட்டேன். அந்தப் பேப்பரைப் பார்த்துட்டு அவ கேட்டது ஒண்ணுதான்: “இதுல நான் எங்க இருக்கேன்?”

அந்தக் கேள்வியோட கணக்கைத் திருப்பிப் போட்டா, சென்னையில ரெண்டு பேர் சம்பளம் 1,00,000. செலவு அதே 63,000. மிச்சம் 37,000. தென்காசியில 19,500. அதாவது நாங்க மாசம் 17,500 நஷ்டத்துல ஊருக்கு வந்தோம். நான்தான் லாபம்னு நினைச்சுட்டு இருந்தேன்.

ஊர் திரும்புற கணக்குல பெரும்பாலும் விடுபடுறது இந்த ரெண்டாவது சம்பளம்தான். பெரிய நகரத்துல ஒரு கம்பெனி போனா இன்னொண்ணு இருக்கு. சின்ன ஊர்ல உங்க தொழிலுக்கு மொத்தமே நாலஞ்சு வாசல்தான் இருக்கும். ஒருத்தருக்கு வேலை உறுதியாகி ஊருக்கு வர்றோம், இன்னொருத்தர் அந்த நாலஞ்சு வாசலைத் தட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அந்த இன்னொருத்தர் பெரும்பாலும் யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அவளுக்கு சரியான வேலை அமைய 14 மாசம் ஆச்சு. இப்போ லாட்ஜ், ஜவுளிக்கடை, ஹார்டுவேர் கடைன்னு சில கடைகளுக்கு வீட்ல இருந்தே ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறா. சராசரியா மாசம் 15,000 வருது. மிச்சம் 34,500 ஆச்சு. சென்னை அளவுக்கு கிட்டத்தட்ட வந்துட்டோம். ஆனா அந்த 14 மாசத்துல விட்ட காசு ரெண்டரை லட்சம் சேமிப்பிலிருந்துதான் போச்சு. அவ விட்டுட்டு வந்த சீனியாரிட்டிக்கு என்கிட்ட எக்செல் ஃபார்முலா இல்ல.

வரி, வீட்டு மனை: சுருக்கமா

சிலர் வரி கேட்டிருந்தீங்க. பழைய வரி முறையில வாடகைப்படிக்கு விலக்கு கணக்கிடும்போது சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்துல 50 சதவீதம் வரை, தென்காசி மாதிரி ஊர்களுக்கு 40 சதவீதம் வரை. புது வரி முறையில இந்த விலக்கே கிடையாது. 2025-26 நிதியாண்டுல இருந்து சம்பளக்காரங்களுக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனோட சேர்த்து 12.75 லட்சம் வரை வரி இல்ல. அதனால எங்க மாதிரி சம்பளத்துக்கு, ஊர் மாறினா வரி மாறுமேன்னு கவலைப்பட வேண்டாம்.

அடுத்தது மனை. ஊருக்கு வந்ததும் எல்லாரும் சொல்ற முதல் வார்த்தை “ஒரு இடத்தை வாங்கிப் போடு”. அவசரப்படாதீங்க. தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சத்துக்குப் பத்திரம்னா 1.8 லட்சம் அதுக்கே போயிரும். 30 லட்சம் வீட்டுக் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா ஈஎம்ஐ சுமார் 26,000. என் 55,000-ல அது கிட்டத்தட்ட பாதி.

இன்னொண்ணு. குற்றாலத்தைச் சுத்தி “அருவி வியூ”, “மலை வியூ”ன்னு போர்டு வைச்ச மனை நிறைய. வில்லங்கச் சான்று, பட்டா பார்க்கிறதோட நிறுத்தாதீங்க. டிடிசிபி அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. 2016 அக்டோபர் 20-க்கு அப்புறம் அனுமதி இல்லாம பிரிச்ச மனைன்னா, வரன்முறைத் திட்டத்துலயும் அதுக்கு இடமில்ல. மலையடிவாரம்னா, அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள்ள வருதான்னும் விசாரிங்க. வந்தா வீடு கட்ட அந்த அனுமதியும் வேணும். வியூ நல்லா இருக்குன்னு வாங்கி, செங்கல் வைக்க முடியாம நிக்கிறது நமக்கு வேண்டாம்.

காசுல வராத ஒரு மணி நேரம்

ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. 108-ஐக் கூப்பிட்டோம், வந்தாங்க. தென்காசியில முதல் சிகிச்சை நல்லாவே கொடுத்தாங்க, அப்புறம் திருநெல்வேலிக்குக் கொண்டு போகச் சொன்னாங்க. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல. ஆம்புலன்ஸ்ல அப்பா கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்துல, மிச்சம் 19,500-ஆ 37,000-ஆன்னு எனக்கு ஞாபகமே இல்ல. ஆலங்குளம் தாண்டியாச்சா, இன்னும் எவ்வளவு தூரம், அவ்வளவுதான்.

அப்பா பிழைச்சுட்டாங்க. இதை நான் ரெண்டு பக்கமும் எழுதுறேன். இதயத்துக்கான பெரிய சிகிச்சை ஒரு மணி நேரத் தூரத்துல இருக்குங்கிறது இந்த ஊரோட குறை. ஆனா நான் சென்னையில இருந்திருந்தா, ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா தனியா போன் பண்ணியிருப்பாங்க, நான் பஸ் தேடியிருப்பேன். அந்தக் கை என் கைக்குள்ள இருந்திருக்காது.

நடைமுறையா ஒண்ணு சொல்றேன். வேலை மாறும்போது, புது கம்பெனியோட குரூப் இன்சூரன்ஸ்ல பெத்தவங்களும் வர்றாங்களான்னு எழுத்துல கேளுங்க. முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு. அது நமக்கு வராது.

பக்கத்து வீட்டு அக்கா

இப்போ நான் பேசத் தயங்கின விஷயம். நாங்க குடிவந்த தெருவுல, பக்கத்து வீட்ல ஒரு அக்கா. பீடி சுத்துறாங்க. முறம் மடியில, கை தானா ஓடும், பேச்சு நம்மகிட்ட இருக்கும். அண்ணன் ஆட்டோ ஓட்டுறார். சீசன்னா குற்றாலம் ஸ்டாண்டு. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை சாரல் அடிச்சா கையில காசு, அப்புறம் ஐயப்பன் சீசன்ல கொஞ்சம். அருவியில தண்ணி இல்லைன்னாலும் வருமானம் இல்ல, தண்ணி கூடிப்போய் குளிக்கத் தடை போட்டாலும் இல்ல. 2024 மே 17-ல பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துபோனான். அருவிகள்ல குளிக்கத் தடை வந்துச்சு. தடை சரிதான், உயிர் முக்கியம். ஆனா அந்த நாட்கள்ல அண்ணன் ஆட்டோ சும்மாதான் நின்னுச்சு.

ரெண்டு பேரும் சேர்ந்து சராசரியா மாசம் 15,000. வீட்டு வாடகை 3,500. போன வருஷம் வீட்டுக்காரர் 6,000 கேட்டார். ஏன்? “பக்கத்துல ஐடி தம்பி 8,000 தர்றாருல்லா?”

அந்த ஐடி தம்பி நான்தான்.

நான் அந்த வீட்டைப் பார்க்க வந்தப்போ 8,000-னு சொன்னதும் பேரமே பேசல. சென்னையில 20,000 கொடுத்தவனுக்கு அது இலவசம் மாதிரி இருந்துச்சு. எனக்கு மலிவு, ஆனா தெருவுக்கு அது புது ரேட்டு.

வீட்டுச் செலவு எவ்வளவு இருக்கலாம்னு அளக்க அமெரிக்க அரசாங்கம் பயன்படுத்துற எளிய கோடு ஒண்ணு இருக்கு: வருமானத்துல 30 சதவீதத்துக்கு மேல வீட்டுக்கே போனா, அந்தக் குடும்பம் சுமையில இருக்குன்னு அர்த்தம். எனக்கு 55,000-ல 8,000, அதாவது 15 சதவீதம். அக்காவுக்கு 3,500-ஆ இருந்தப்போ 23 சதவீதம். 6,000 ஆனதும் 40.

இது தென்காசிக்கு மட்டும் நடக்கிற கதை இல்ல. வாஷிங்டன் பக்கத்துல லவுடன்னு ஒரு கவுண்டி. குடும்ப வருமானத்துல அமெரிக்காவிலேயே முன்னணி, நடுத்தரக் குடும்பத்தோட ஆண்டு வருமானமே 1,50,000 டாலருக்கு மேல. நிறைய டேட்டா சென்டர்கள் இருக்கிற இடமும் அதுதான். அங்கயும் பள்ளி ஆசிரியர்களும் தீயணைப்பு வீரர்களும் வேலை பார்க்கிற ஊர்லயே வீடு எடுக்க முடியாம திணறுறது பல வருஷப் பிரச்சினை. அதனால ஒரு ஊர் “வாழ நல்ல ஊர்”னு பேர் வாங்கும்போது, யாருக்குன்னு ஒரு தடவை கேட்கணும்.

இதுக்காக யாரும் ஊருக்கு வராதீங்கன்னு நான் சொல்லல. வேலை ஊருக்கு வர்றது நல்லது. என் மனைவி ரிட்டர்ன் போடுற கடைகள்ல வியாபாரம் கூடியிருக்குன்னு அவ கணக்குலயே தெரியுது. ஆனா வாடகை கேட்கும்போது, பக்கத்து வீட்டு வாடகை எவ்வளவுன்னு விசாரிச்சுட்டுப் பேரம் பேசுங்க. அது உங்க பர்ஸுக்கு மட்டும் இல்ல.

அப்போ வரலாமா?

கிளம்புறதுக்கு முன்னாடி மூணு கேள்வி. ஒண்ணு, உங்க கணக்குல வீட்ல இருக்கிற எல்லாருடைய சம்பளமும் தனித்தனி வரியா இருக்கா? ரெண்டு, இந்த ஒரு வேலை போயிட்டா இதே ஊர்ல அடுத்த வாசல் எது? இல்லைன்னா ஒரு வருஷச் செலவு கையில இருக்கணும். எனக்குன்னா 35,500-ஐ பன்னிரண்டால பெருக்கி, 4,26,000. மூணு, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நிமிஷம்?

மூணுக்கும் பதில் இருந்தா வாங்க.

நாங்க திரும்பச் சென்னைக்குப் போறதா இல்ல. இந்தத் தடவை அந்தப் பேப்பரை என் மனைவிதான் எழுதினா, முதல் வரியில அவ வருமானம். அக்கா வீடு காலி பண்ணி, ஊருக்கு வெளியே தள்ளி ஒரு கிராமத்துக்குப் போயிட்டாங்க. பீடிக் கம்பெனிக்கு வர இப்போ பஸ் ஏறணும், அது மாசச் செலவுல ஒரு புது வரி. போற அன்னைக்கு பாப்பாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துட்டு, “ஏதும் மனசுல வைக்காத தம்பி, நீ என்ன பண்ணுவ”ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் ஒண்ணும் சொல்லல.

உங்க வீட்டுக் கணக்கை எங்களுக்கு அனுப்புங்க, பேர் இல்லாமலே பேசுவோம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.