சங்குக்குள் நுழைந்த புல்

1977-இல் ஆஸ்திரேலியாவின் மின்னமுர்ரா கடற்கரைக்கு விடுமுறைக்குப் போயிருந்த கிரேம் கிளார்க், ஒரு சங்கை எடுத்து அதன் சுருளுக்குள் புல்லைச் செருகிப் பார்த்தார். அடி விறைப்பாகவும் நுனி துவண்டும் இருந்த புல், மடங்காமல் சுற்றிச் சுற்றி உள்ளே போனது. காது மூக்கு தொண்டை மருத்துவரான அவர் தேடிக்கொண்டிருந்த வழி அதுதான்.

உட்காதின் காக்ளியா இரண்டரைச் சுற்றுச் சுருள். நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர்தான். கீச்சுக்குரலை வாயிலருகே உள்ள மயிரணுக்கள் உணர்கின்றன, கனத்த குரலை உச்சியில் உள்ளவை. அவை அழிந்துபோனால் சத்தத்தைக் கூட்டித் தரும் காது மெஷினால் பெரிதாகப் பயனில்லை. காக்ளியர் இம்பிளான்ட், மயிரணுக்களைத் தாண்டிச் செவி நரம்பையே மின்துடிப்பால் தூண்டுகிறது. அதற்கு மின்முனைகள் கோத்த மெல்லிய இழை, பேச்சொலிக்கு உரிய பகுதிவரை சுருளைக் கிழிக்காமல் போக வேண்டும்.

அங்கே போய்ச் சேர்வதே நுட்பமான வேலை. காதுக்குப் பின்னால் கீறி, எலும்பைக் குடைந்துகொண்டு போகும் மருத்துவர், முக நரம்புக்கும் சுவை நரம்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடுக்கு வழியாக நுழைகிறார். முக நரம்பில் காயம் பட்டால் வாய் கோணிவிடும். அதனால்தான் இன்று அந்த நரம்பைக் கண்காணிக்கும் கருவியை ஓடவிட்டபடியே அறுவை செய்கிறார்கள்.

1978 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, விபத்தில் செவித்திறனை இழந்த ராட் சாண்டர்ஸுக்கு மெல்போர்னில் கிளார்க்கின் குழு கருவியைப் பொருத்தியது. பின்னர் நடந்த சோதனையில் தேசிய கீதத்தை ஒலிக்கவிட்டதும் அவர் எழுந்து நின்றார். ஆனால் மெட்டு பிடிபடுவது வேறு, சொல் விளங்குவது வேறு. பேச்சைப் பிரித்தறிய வைக்கக் குழு மேலும் சில மாதங்கள் உழைத்தது.

சாண்டர்ஸின் மூளைக்கு மொழி ஏற்கெனவே தெரியும். பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு அது இல்லை. ஒலியே எட்டாமல் முதல் சில ஆண்டுகள் கழிந்துவிட்டால், மூளை பேச்சைப் பழகிக்கொள்ளும் திறன் குறைந்துகொண்டே போகும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கிடைக்கிறது. பெரிய கொடை அது. ஆனாலும் ஆறு வயதுவரை பொறுத்திருக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு வயதையொட்டிச் செய்வதே நல்லது. அறுவைக்குப் பின் கருவியை அவ்வப்போது சரிசெய்வதும், கேட்கவும் பேசவும் பயிற்சி தருவதும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஓயாமல் பேச்சுக் கொடுப்பதும் அந்தப் பயிற்சியில் சேர்ந்ததுதான். குறையை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் செவிச் சோதனையைப் பிறந்த சில நாட்களிலேயே, குழந்தை தூங்கும்போது சில நிமிடங்களில் செய்துவிடலாம்.