வீழ்ந்தெழுந்த அஸ்கெர் மகளிர் காற்பந்துக் குழு



சென்ற ஆண்டு நடைபெற்ற மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான காற்பந்துப் போட்டியில் நம் பள்ளி மாணவியர் குழு முதற் சுற்றிலேயே தோல்வியுற்றுத் திரும்பியதை நீங்கள் அறிவீர்கள். வேனில் வரும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. தோட்டத்து நுழைவாயிலை அடைந்தபோது ஒரு மாணவி மட்டும், "ஐயா, அடுத்த ஆண்டு நாங்கள் பெயர் கொடுக்க வேண்டாம்" என்றாள். அன்று நாம் அவளுக்கு விடை ஏதும் கூறவில்லை. அவ்விடையை இக்கட்டுரையின் வாயிலாகக் கூற விழைகிறோம். அதன்பொருட்டு உங்களை நெடுந்தொலைவிலுள்ள நார்வே நாட்டிற்கு அழைத்துச் செல்கிறோம்.

நார்வே ஐரோப்பாக் கண்டத்தின் வடகோடியில் உள்ள நாடு. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தரை மில்லியன். குளிர்காலத்தில் அந்நாட்டின் பெரும்பகுதியைப் பனி மூடிவிடும். ஆதலால் அங்கே காற்பந்துப் பருவம் வசந்த காலத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிவுறுகிறது. தலைநகரான ஓஸ்லோவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அஸ்கெர் என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூரார் 1889ஆம் ஆண்டில் ஒரு பனிச்சறுக்கு மன்றத்தை நிறுவினர். பனிச்சறுக்குக்கென்று பிறந்த அம்மன்றத்திலிருந்தே பிற்காலத்தில் அஸ்கெர் காற்பந்துக் குழுவும் கிளைத்தது. ஃபொய்க்கா என்னும் திடலே அக்குழுவின் தாய்த் திடல்.

பெண்கள் காற்பந்து ஆடுவதை உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. நார்வேயிலும் அவ்வாறே. 1970களில் ஆங்காங்கே பெண்கள் தாமே குழு அமைத்து ஆடத் தொடங்கினர். 1978ஆம் ஆண்டில் பெண்களுக்கான நார்வே கிண்ணப் போட்டி தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் நார்வே மகளிர் தேசியக் குழுவும் முதன்முதலாகக் களம் இறங்கியது. 1986இல் மெக்சிக்கோ நகரில் கூடிய அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் மாநாட்டில் நார்வேயைச் சேர்ந்த எல்லன் வில்லெ என்னும் பெண்மணி எழுந்து நின்று, பெண்களுக்கும் உலகக் கிண்ணப் போட்டி வேண்டும் என்று கேட்டார். அம்மாநாட்டு மேடையில் பேசிய முதல் பெண்மணி அவரே.

அவர் கேட்டது வீண்போகவில்லை. 1991இல் சீனாவில் பெண்களுக்கான முதல் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. இறுதியாட்டத்தில் நார்வே அமெரிக்காவிடம் 1-2 எனத் தோற்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1995இல் சுவீடனில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 2-0 என வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2000ஆம் ஆண்டின் சிட்னி ஒலிம்பிக்கிலும் நார்வே தன் முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் தோற்றது. ஆயினும் இறுதியாட்டத்தில் அதே அமெரிக்காவை 3-2 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. தோல்விக்குப் பின்னும் பயிற்சியைக் கைவிடாதோர்க்கு வெற்றி வந்து சேர்ந்ததை இங்கே காண்கிறோம்.

இத்தகைய வீராங்கனையரை வளர்ப்பவை உள்ளூர்க் குழுக்களே. அவற்றின் போட்டிமுறையை நாம் ஓர் ஏணிக்கு ஒப்பிடலாம். 1984இல் நார்வேயின் மகளிர் லீக் மூன்று வட்டாரப் பிரிவுகளாகத் தொடங்கியது. 1987 முதல் அது நாடு முழுமைக்கும் ஒரே பிரிவாயிற்று. இன்று ஏணியின் உச்சிப்படிக்குத் தொப்சேரியன் என்று பெயர். அதற்கு அடுத்த படி 'முதற் பிரிவு' என்று வழங்கப்படுகிறது. பெயரில் முதல் என்றிருப்பினும் வரிசையில் அது இரண்டாவது என்பதைக் கவனியுங்கள். அதற்கும் கீழே இரண்டாம் பிரிவும் அதனையடுத்த பிரிவுகளும் உள்ளன. ஒரு பருவத்தின் முடிவில் கடைசி இடங்களில் நிற்கும் குழுக்கள் ஒரு படி இறங்கும். கீழ்ப்படியில் முதன்மை பெற்றவை ஒரு படி ஏறும். எந்தக் குழுவுக்கும் உச்சிப்படி நிலையான உடைமை அன்று. எந்தக் குழுவுக்கும் அது எட்டாத கனியும் அன்று.

இந்த ஏணியின் உச்சியில் அஸ்கெர் குழு நெடுங்காலம் வீற்றிருந்தது. 1988, 1989, 1991, 1992, 1998, 1999 ஆகிய ஆறு ஆண்டுகளில் அது நாட்டின் வாகையர் பட்டத்தைச் சூடியது. அந்நாளில் நார்வேயின் மகளிர் காற்பந்தைப் பற்றிப் பேசுவோர் அஸ்கெரின் பெயரைக் குறிப்பிடாமல் இருந்ததில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பர் நம் முன்னோர். அஸ்கெருக்கு அடி சறுக்கியது திடலில் அன்று, கணக்கேட்டில். மகளிர் காற்பந்துக்குக் கிடைத்த வருவாய் சிறிது. ஆட்டக்காரர் பலர் வேலைக்குச் சென்றுகொண்டோ கல்வி பயின்றுகொண்டோ மாலையில் பயிற்சிக்கு வந்தனர். எனினும் உச்சிப் பிரிவில் நிலைத்திருக்கப் பயணம், பயிற்றுநர், மருத்துவம் எனச் செலவுகள் பல உண்டு. வரவுக்கு மேல் செலவு வளர, 2008ஆம் ஆண்டில் குழு கடும் பண நெருக்கடிக்கு உள்ளாயிற்று. முடிவில் அண்டை ஊராட்சியைச் சேர்ந்த ஸ்டாபெக் மன்றம் உச்சிப் பிரிவில் அஸ்கெருக்கு இருந்த இடத்தை ஏற்றுக்கொண்டது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரும் அங்கே சென்றனர். 2010இல் ஸ்டாபெக் நாட்டின் வாகையர் பட்டத்தை வென்றது.

மாணவமணிகளே, அஸ்கெரில் எஞ்சியோரின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை தம் ஊருக்காக ஆடியவர்கள் இன்று அண்டை ஊரின் சட்டையை அணிந்து ஆடுகிறார்கள். ஊரில் மிஞ்சியவை திடலும், கோல் கம்பங்களும், காற்பந்து கற்க வரும் சிறுமியருமே. 'நமக்கு இனிக் காற்பந்து வேண்டாம்' என்று அவ்வூரார் கதவைப் பூட்டியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஏணியின் கீழ்ப்படியில் மீண்டும் காலை ஊன்றினர். நாடறிந்த குழுக்களோடு ஆடிய மன்றம், கீழ்ப்பிரிவில் சிற்றூர்க் குழுக்களோடு ஆடியது. 

கீழ்ப்பிரிவுக் குழுக்கள் எதனால் உயிர் வாழ்கின்றன? நார்வே மொழியில் 'டுக்னாட்' என்றொரு சொல் உண்டு. ஊரார் ஒன்றுகூடி ஊதியம் பெறாமல் பொதுப்பணி செய்வதை அது குறிக்கும். நாம் கோத்தோங் ரோயோங் என்று கூறுவதும் இதுவே. பெற்றோர் சிறுவர்க்குப் பயிற்சி அளிப்பர். ஆட்ட நாளில் பலகாரம் சுட்டு விற்பர். பிள்ளைகளைத் தம் மோட்டார் வண்டிகளில் வெளியூர்களுக்கு அழைத்துச் செல்வர். திடலைத் துப்புரவு செய்வர். அந்நாட்டின் சிறுமன்றங்கள் பலவும் இவ்வுழைப்பினாலேயே நிற்கின்றன.

உச்சியில் உள்ளோரும் கீழே உள்ளோரை மறத்தல் ஆகாது. 2017ஆம் ஆண்டில் நார்வேயின் ஆண், பெண் தேசியக் குழுக்களுக்குச் சமமான தொகை வழங்க உடன்பாடு ஏற்பட்டது. அதன்பொருட்டு ஆண் ஆட்டக்காரர்கள் தமக்குரிய வருவாயில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். பணத்தால் ஒரு சிறந்த மகளிர் குழு நிலைகுலைந்ததைக் கண்ட நாட்டில் இச்செயலின் அருமையை நாம் உணரலாம்.

அஸ்கெரின் வரலாற்றிலிருந்து நாம் கற்கத்தக்கவை இரண்டு. முதலாவது, வரவறிந்து செலவிடுதல். ஆறு பட்டங்கள் வென்ற குழுவையும் கணக்கு வழுவியபோது அப்புகழ் காப்பாற்றவில்லை. இரண்டாவது, கீழ்ப்படியில் நிற்பது இழிவன்று என்னும் தெளிவு. உச்சிப்படியில் சில குழுக்களுக்கே இடம் உண்டு. நாட்டின் எஞ்சிய குழுக்கள் யாவும் கீழ்ப்படிகளிலேயே ஆடுகின்றன. அவையின்றி ஏணியே இல்லை.

நம் பள்ளி சிறிய பள்ளி. பதினொரு மாணவியரைத் திரட்டவே நாம் ஐந்தாம், ஆறாம் ஆண்டு வகுப்புகள் இரண்டையும் சேர்க்க வேண்டியுள்ளது. பெரிய பள்ளிகளிடம் தோற்பது வியப்பன்று. ஆனால் பெயர் கொடாத குழு தோற்பதும் இல்லை, கற்பதும் இல்லை.

ஆகவே, வேனில் எம்மிடம் பேசிய மாணவிக்கு இதோ விடை: அம்மா, அடுத்த ஆண்டும் நாம் பெயர் கொடுப்போம். புதன்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குத் திடலில் பயிற்சி தொடங்கும். பெற்றோரும் வருக. புல் வெட்டவும் கோடு போடவும் நமக்குக் கைகள் தேவை.